குமரியில் ஒரு நாள் சைக்கிள் சுற்று: கிழக்கா, நடுவா, மேற்கா?

குமரி மாவட்டத்தில் கழிக்க உங்களுக்கு ஒரே ஒரு நாள் இருக்கிறது. கியர் சைக்கிள் இருக்கிறது, காலில் தெம்பும் இருக்கிறது. நன்றாக மூச்சு வாங்க வைக்கும் ஒரு சுற்று வேண்டும். அதே சுற்றில் பழைய கோவில், குகை, கோட்டை என்று நின்று பார்க்கவும் வேண்டும். எந்தப் பக்கம் போவது?

மதுரை, நெல்லை, திருவனந்தபுரம் பக்கமிருந்து வருகிறவர்களிடம் பலரும் "கன்னியாகுமரி முனைக்குப் போய் சூரிய உதயம் பாருங்க" என்று சொல்லிவிடுவார்கள். அது நல்ல இடம்தான். ஆனால் சைக்கிளில் வருகிறவருக்கு இந்த மாவட்டம் வைத்திருப்பது அதைவிட அதிகம். பொதுவாகச் சொன்னால் மூன்று சுற்றுகள் உண்டு. சுசீந்திரம், வட்டக்கோட்டை என்று போகும் கிழக்குச் சுற்று ஒன்று. உதயகிரி, பத்மநாபபுரம், குளச்சல் என்று திருவிதாங்கூர் அரசர்களின் காலத்தைத் தொட்டுப் போகும் நடுச்சுற்று இன்னொன்று. சிதறால், திருநந்திக்கரை, திருவட்டாறு என்று ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கும் மேற்குச் சுற்று மூன்றாவது. இவை தவிர, சிவராத்திரிக்கு பக்தர்கள் ஓடும் சிவாலய ஓட்டப் பாதையும் இருக்கிறது. அதைப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஷ்டமும் பழமையும் இரண்டும் வேண்டும் என்றால் மேற்குச் சுற்றுதான். மற்ற இரண்டும் யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை நெடுஞ்சாலையில் வந்தால்கூட அறுபது கிலோமீட்டருக்குள்தான். சமவெளியில் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் "இவ்வளவுதானா?" என்று நினைத்து வருகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியவை வேறு: எவ்வளவு ஏற்றம், எவ்வளவு வெயில், கோவில் நடை எப்போது சாத்துகிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் வயலும் குளமும் பனையுமாகப் பெரும்பாலும் சமதளம். வில்லுக்குறி தாண்டி கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் நிலமே மாறிவிடும். ஒரு விளையில் (மேட்டுத் தோட்டத்தில்) ஏறினால் அடுத்தது ஏலாவில் (வயல் பள்ளத்தில்) இறக்கம், இறங்கிய வேகம் தீருமுன் மறுபடி ஏற்றம். ஒவ்வொரு ஏற்றமும் சின்னதுதான், ஆனால் செங்குத்து. நாள் முழுக்க அப்படியே வந்துகொண்டிருக்கும்.

கிழக்குச் சுற்று

நாகர்கோவிலில் தொடங்கி சுசீந்திரம், பொற்றையடி, மயிலாடி, அஞ்சுகிராமம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி, திரும்ப நாகர்கோவில். சுமார் ஐம்பது கிலோமீட்டர். சாலை பெரும்பாலும் தட்டை. முதல் முறையாக நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

புறப்படுவதற்கு முன் நாகர்கோவில் நாகராஜா கோவிலுக்கு ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். மண்டபத் தூண்களில் மகாவீரர், பார்சுவநாதர் உருவங்கள் இருக்கின்றன. சமணம் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு நகரத்தின் நடுவிலேயே இருக்கும் சாட்சி அது. மேற்குச் சுற்றில் சிதறாலைப் பார்க்கும்போது இந்தத் தூண்கள் நினைவுக்கு வரும்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோவிலின் ஏழு நிலைக் கோபுரம் 134 அடி. உள்ளே இசைத் தூண்கள், 18 அடி ஆஞ்சநேயர், கல்வெட்டுகள். அவசரப்பட்டுப் பார்த்தால் ஒன்றும் மனதில் நிற்காது. காலை ஆறரை மணிக்கு அங்கே இருந்தால் கூட்டமும் இருக்காது, தெப்பக்குளத்தின் மேல் வெளிச்சமும் அழகாக விழும். அதன்பின் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியான மருந்துவாழ்மலை கூடவே வரும். ஸ்ரீ நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகை அங்கேதான். மலையேற நேரம் ஒதுக்கினால் இந்தச் சுற்று உடனே கஷ்டமான சுற்றாகிவிடும். ஆனால் அது சைக்கிளின் கஷ்டம் இல்லை, நடையின் கஷ்டம். மயிலாடியில் சாலையோரமே கல் உளி சத்தம் கேட்கும், சிற்பக்கூடங்கள் அதிகம். 1806இல் வந்த ரிங்கல்தௌபே பாதிரியார் தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவ ஊழியத்தைத் தொடங்கியதும் இந்த ஊரில்தான்.

வட்டக்கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாய் மேற்பார்வையில் கருங்கல்லில் கட்டிய கடற்கரைக் கோட்டை. மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. நிழல் குறைவு. பத்து மணிக்கு மேல் கல் சுட ஆரம்பிக்கும்.

இந்தச் சுற்றைக் கடினமாக்க ஒரு வழி இருக்கிறது: ஆரல்வாய்மொழியைச் சேர்ப்பது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு முப்பந்தல் காற்றாலைகளே சாட்சி. நாகர்கோவிலிலிருந்து தோவாளை, ஆரல்வாய்மொழி என்று போகும்போது காற்று முதுகில் தள்ளும், மிதிக்காமலே போவது போல இருக்கும். திரும்பும்போதுதான் அதன் விலை தெரியும். அதனால் காற்றுக் காலத்தில் கணவாய்ப் பகுதியைப் போகும் வழியில் வையுங்கள், திரும்பும் வழியில் வைக்காதீர்கள். பக்கவாட்டுக் காற்றில் லாரி ஒன்று கடந்துபோனால் சைக்கிள் ஒரு முழம் விலகும். கைப்பிடியை உறுதியாகப் பிடிக்க வேண்டிய இடம் அது.

ஆரல்வாய்மொழிக்குச் சரித்திரமும் உண்டு. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் படையைத் தாண்டி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திருவிதாங்கூருக்குள் நுழைந்தது இந்தக் கணவாய்க் கோட்டை வழியாகத்தான். காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று, கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரது கல்லறை நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும், சவால் என்று தேடி வருகிறவருக்குக் கிழக்குச் சுற்று போதாது. காற்று இல்லாத மாதங்களில் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

நடுச்சுற்று

இது நாகர்கோவில், புலியூர்க்குறிச்சி, தக்கலை, பத்மநாபபுரம், திருவிதாங்கோடு, இரணியல், குளச்சல், மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, முட்டம், ராஜாக்கமங்கலம் வழியாகத் திரும்ப நாகர்கோவில். கிட்டத்தட்ட அறுபது கிலோமீட்டர். ஏற்றங்கள் உண்டு, ஆனால் தொடர்ச்சியாக இல்லை. குளச்சலுக்கு அப்புறம் கடற்கரைச் சாலை, தென்னந்தோப்பும் மீன் வாசனையுமாக லேசாகப் போகலாம்.

சரித்திரத்தை ஒரே கதையாகப் படிக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல சுற்று இல்லை. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். அங்கே பிடிபட்ட தளபதி டிலனாய் பிறகு அதே அரசரிடம் சேர்ந்து, படையைப் பழக்கி, கோட்டைகளைக் கட்டி, 1777இல் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே இறந்தார். கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் லத்தீனும் தமிழும் பொறித்த அவரது கல்லறை இன்றும் இருக்கிறது. கிழக்குச் சுற்றில் சொன்ன தேவசகாயம் பிள்ளை கிறிஸ்தவத்தை அறிந்துகொண்டது இந்த டிலனாய் மூலம்தான். காலையில் கல்லறையைப் பார்த்துவிட்டு மதியம் குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் முன்னால் நிற்கும்போது, ஒரு மனிதரின் வாழ்க்கையை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓட்டி வந்ததாகத் தோன்றும். சுற்றை எதிர்ப்பக்கமாக வைத்தால் கதை நேராக வரும். ஆனால் பத்மநாபபுரம் மதிய வேளையில் மாட்டிக்கொள்ளும்.

அந்த அரண்மனைதான் இந்தச் சுற்றின் நேரத்தைத் தீர்மானிக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள், மதியம் இடைவேளை உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. மரத்தாலான கூரைகள், கண்ணாடி போல மின்னும் கருந்தரை, இருப்பதிலேயே பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் என்று நிதானமாகப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். செருப்பைக் கழற்ற வேண்டும். கிளிப் வைத்த ஷூ போட்டு வருகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பக்கத்திலேயே தக்கலையில் பீர் முகமது அப்பா தர்கா, குமாரகோவில் முருகன் கோவில், திருவிதாங்கோட்டில் சிறிய கல் தேவாலயமான அரப்பள்ளி. புனித தோமா நிறுவியது என்பது அரப்பள்ளியின் மரபு. ஒரே நாளில் இத்தனை வழிபாட்டு மரபுகள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும் சாலை வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

குறை என்ன? நெடுஞ்சாலை. நாகர்கோவில் தக்கலை சாலை அகலம் குறைந்தது, ஓரம் கிடையாது, பஸ்ஸும் டாரஸ் லாரியும் ஒன்றையொன்று முந்தும்போது சைக்கிளுக்கு இடமே இருக்காது. காலை ஆறு மணிக்கு முன் அந்தத் துண்டைத் தாண்டிவிட்டால் பரவாயில்லை. அப்படித் தாண்டினால் அரண்மனை திறக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். அதைக் குமாரகோவிலுக்குக் கொடுக்கலாம்.

மேற்குச் சுற்று

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

மார்த்தாண்டத்தில் தொடக்கம். ஆற்றூர் வழியாகத் திருவட்டாறு, மாத்தூர் தொட்டிப்பாலம், குலசேகரம், திருநந்திக்கரை, தெம்பிருந்தால் பேச்சிப்பாறை, பிறகு திற்பரப்பு, களியல், அருமனை, சிதறால், திரும்ப மார்த்தாண்டம். பேச்சிப்பாறையைச் சேர்த்தால் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், சேர்க்காவிட்டால் ஐம்பதுக்குள். எண்ணைப் பார்த்தால் நடுச்சுற்று மாதிரிதான் இருக்கிறது. காலுக்கு அது வேறு கணக்கு. சமதளம் என்று சொல்ல ஒரு கிலோமீட்டர் சேர்ந்தாற்போலக் கிடைப்பது அபூர்வம். ஏற்றத்துக்கு முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கட்டும். பந்தய சைக்கிளின் பெரிய முன் பல்சக்கரத்தோடு வந்து, அருமனைப் பக்கத்து ஏற்றங்களில் இறங்கித் தள்ளுகிறவர்கள் உண்டு.

பலரும் சிதறாலில் தொடங்கச் சொல்வார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர்தான், காலைக் குளிரில் மலையேறிவிடலாம் என்பது அவர்கள் வாதம். நான் திருவட்டாற்றை முதலில் வைப்பேன். காரணம் கோவில் நடை திறக்கும் நேரம். இந்தப் பக்கத்துக் கோவில்கள் விடியுமுன் திறந்து, உச்சிக்கு முன் சாத்திவிடுவார்கள்; மறுபடி மாலை ஐந்து மணிக்குத்தான். சிதறால் தொல்லியல் துறை இடம், மதியம் சாத்துவதில்லை. முதலில் சிதறால் என்று போனால் திருவட்டாற்றுக்கு மதியம் வந்து பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆதிகேசவரைப் பார்க்காமல் அந்தச் சாலையைத் தாண்டுவது பெரிய இழப்பு.

108 திவ்ய தேசங்களில் ஒன்று அது. நம்மாழ்வார் பாடிய தலம். 22 அடி நீளத்தில் கடுசர்க்கரை என்ற கலவையால் செய்த பெருமாள், மூன்று வாசல் வழியாகத்தான் முழுமையாகத் தெரிவார். பிரகாரத்தில் விளக்கேந்திய பாவைகள் வரிசையாகத் தூண்களில் நிற்கும். 2022 ஜூலை 6 அன்று, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்காமலிருந்த குடமுழுக்கு நடந்தது. ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். இறுக்கமான சைக்கிள் கால்சட்டையோடு உள்ளே போவது நன்றாக இருக்காது, பையில் ஒரு மெல்லிய வேட்டி போதும். பெண்கள் சுடிதாரும் துப்பட்டாவும் வைத்துக்கொள்ளலாம். இடம் அடைக்காது, எடையும் இல்லை.

மாத்தூர் தொட்டிப்பாலம் பழமையான இடம் இல்லை, 1966இல் கட்டியது. ஆனாலும் சேர்க்கிறேன். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 28 தூண்களில் ஒரு வாய்க்கால் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது. இந்த நாட்டின் ஏற்ற இறக்கம் என்ன என்பதை அதன் மேல் நடந்து பார்த்தால் ஒரே பார்வையில் புரியும். இவ்வளவு நேரம் நீங்கள் மிதித்து ஏறி இறங்கிய அதே பள்ளத்தை, தண்ணீர் நேராகத் தாண்டுகிறது. சைக்கிளை ஓரமாகப் பூட்டிவிட்டு நடந்து போங்கள்.

குலசேகரத்துக்குப் போகும் வழியெங்கும் ரப்பர். காலையில் பால்வெட்டு முடித்து வாளியோடு நடந்து வருகிறவர்களைப் பார்க்கலாம். ரப்பர் நிழல் நல்ல நிழல், ஆனால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் இலை உதிர்க்கும். குளிர் மாதம் என்று அப்போது வருகிறவர்களுக்கு வெயில் நேராகத் தலையில் விழும், சருகில் டயர் வழுக்கவும் செய்யும். ஜூன், ஜூலையில் வந்தால் இலை இருக்கும், கூடவே மழையும் இருக்கும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. மேற்குப் பகுதிக்கு இரண்டிலும் நல்ல பங்கு. ஜனவரிதான் என் தேர்வு, தொப்பியும் தண்ணீரும் கூடுதலாக எடுத்துக்கொண்டு.

திருநந்திக்கரையில் ஒரே பாறையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டுக் குகைக்கோவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சிறியதுதான், பலர் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். கண் இருட்டுக்குப் பழகும் வரை உள்ளே நில்லுங்கள். சுவரில் மங்கிய செம்மண் கோடுகள் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும், ஓவியங்களின் மிச்சம். வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. முதலாம் ராஜராஜ சோழன் பிறந்த சதய நாளைக் கொண்டாடக் கொடை கொடுத்த செய்தி இங்கே கல்லில் இருக்கிறது. தஞ்சையில் பெரிய கோவில் கட்டிய அரசனின் பிறந்தநாளுக்கு இவ்வளவு தெற்கே, மலையடிவாரத்தில் விழா எடுத்திருக்கிறார்கள் என்பதை அந்த இடத்தில் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். கீழே ஆற்றங்கரையில் மகாதேவர் கோவில். அதற்கும் நடை நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சிப்பாறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் குலசேகரத்தில் முடிவு செய்யலாம். மணி பத்தரைக்குள் இருந்து, கால் ஒத்துழைத்தால் போங்கள். திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்தில் 1906இல் முடிந்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயலெல்லாம் அவர் கட்டிய அணைத் தண்ணீரில் விளைகிறது. அணைக்கு அப்பால் காடு. சோதனைச் சாவடியைத் தாண்டி அனுமதி இல்லாமல் போக வேண்டாம். யானை நடமாட்டம் உள்ள இடம்.

மதிய வெயில் திற்பரப்பில் கழியட்டும். கோதையாறு பரந்த பாறையில் இறங்கும் இடம், பக்கத்திலேயே மகாதேவர் கோவில். விடுமுறை நாளில் கூட்டம் நெருக்கும், வார நாளில் வந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் கால் நீட்டி உட்காரலாம். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை: இந்தப் பாதையில் கடைகளில் காலையில் புட்டும் பயறும், மதியம் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. ஆனால் மலையேற்றம் பாக்கி இருக்கும்போது கிழங்கை வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். சட்டைப் பையில் இரண்டு ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) இருக்கட்டும். மட்டிப்பழம் கிடைத்தால் வாங்குங்கள், இந்த மாவட்டத்துக்கே உரியது, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

திற்பரப்பிலிருந்து அருமனை வழியாகச் சிதறால் வரை இருக்கும் துண்டுதான் நாளிலேயே கடினம். களைத்த காலோடு வரும்போது ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு ஏற்றம் நிற்கும். அவசரம் வேண்டாம், நான்கு மணிக்குள் சிதறால் அடிவாரம் சேர்ந்தால் போதும். அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். கல் பாவிய பாதை, இருபுறமும் மரங்கள்.

இந்த மலையின் பழைய பெயர் திருச்சாரணத்து மலை. ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் வாழ்ந்த இடம். மேலே துருத்தி நிற்கும் பெரும்பாறையின் அடியில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக, பார்சுவநாதர், பத்மாவதி, சிங்கத்தோடு அம்பிகை. ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி, பட்டாரி என்ற பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் ஆசிரியர், தன் குருவின் பெயரோடு கல்லில் நிற்கிறார். பின்னாளில் இது பகவதி கோவிலாக மாறியது. மாறியபோதும் சிற்பங்களை யாரும் சிதைக்கவில்லை. இங்கே நின்றால் கீழே தென்னையும் ரப்பரும் கடல் போலப் பரந்து கிடக்கும். காலையிலிருந்து நீங்கள் ஏறி இறங்கியது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, இங்கிருந்து ஒரு மேடும் தெரியாது.

மேற்குச் சுற்றுக்கு நான் ஓட்டுப் போடுவதன் காரணம் இந்த இடம். மற்ற இரண்டு சுற்றுகளிலும் பழைய இடங்கள் சாலையோரமே இருக்கின்றன, காரில் வந்தாலும் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. துறவிகள் ஏன் இந்த மலைகளைத் தேடி வந்தார்கள், ஊரிலிருந்து எவ்வளவு விலகி இருந்தார்கள் என்பதை மிதித்து வந்த காலுக்குத்தான் தெரியும்.

சிவாலய ஓட்டப் பாதை

முஞ்சிறை திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். பன்னிரண்டு சிவன் கோவில்கள், சுமார் 110 கிலோமீட்டர். மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலையில் திருமலையில் தொடங்கி, காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக, "கோவிந்தா, கோபாலா" என்று சொல்லிக்கொண்டு பக்தர்கள் ஓடுவார்கள். சிவன் கோவிலுக்கு ஓடும்போது ஏன் கோவிந்தா? பீமன், சிவபக்தியுள்ள புருஷாமிருகம் என்ற பாதி மனித, பாதி விலங்கு உருவத்தின் முன் விஷ்ணு நாமத்தைச் சொல்லிச் சீண்டிவிட்டு, அது துரத்தும்போதெல்லாம் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போட்டு ஓடினான் என்பது கதை. ருத்ராட்சம் விழுந்த இடமெல்லாம் சிவலிங்கம்.

சைக்கிளில் இதை ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் மேற்குச் சுற்றைச் சிரமமின்றி முடித்தவர்கள்தான் இதைத் தொட வேண்டும். மேற்கின் ஏற்றங்களும் நடுச்சுற்றின் கல்குளம், திருவிதாங்கோடும் இதற்குள் வருகின்றன. பன்னிரண்டு கோவிலிலும் நடை திறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் சாதாரண நாளில் முடியாது. பாதி கோவில் மதியத்தில் மாட்டும். வெளியில் நின்று கும்பிட்டுப் போக மனம் ஒப்பும் என்றால் சரி. நட்டாலத்தில் முடித்தபின் முஞ்சிறை அதிக தூரம் இல்லை என்பதால் கிட்டத்தட்ட முழுச் சுற்றாகவே வரும். முஞ்சிறைப் பக்கத்தில் பார்த்திவபுரமும் இருக்கிறது. ஆய் அரசன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் விஷ்ணு கோவிலும், 95 மாணவர்கள் தங்கிப் படிக்கச் சாலையும் அமைத்த ஊர். நேரமிருந்தால் அங்கிருந்தே புறப்படுங்கள். நட்டாலம் தேவசகாயம் பிள்ளை பிறந்த ஊரும்கூட.

சிவராத்திரி அன்று மட்டும் இந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டாதீர்கள். வெறுங்காலோடு ஓடுகிறவர்களுக்கு நடுவில் சக்கரம் நுழைவது முறையில்லை, ஆபத்தும் கூட.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். ரயிலில் வந்தால் மேற்குச் சுற்றுக்குக் குழித்துறை, நடுச்சுற்றுக்கு இரணியல், கிழக்குச் சுற்றுக்கு நாகர்கோவில் நிலையம் வசதி. சைக்கிளைப் பார்சலில் போட வேண்டும், வண்டி புறப்படுவதற்கு வெகு முன்னால் போய் எழுதிக்கொடுங்கள். மேற்கில் டாரஸ் லாரிகள் கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கம் போகும். குலசேகரம், அருமனை சாலைகளில் வளைவின் உட்பக்கம் ஒதுங்கி நிற்பதைவிட, வளைவுக்கு முன்னாலேயே நின்று அதை விட்டுவிடுவது நல்லது. பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள், ரப்பர் நிழலில் ஆளே தெரியாது. மழைக்குப் பின் இறக்கங்களில் இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்தே வாருங்கள். 28 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம், 32 என்றால் இன்னும் நிம்மதி. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவிலில் சைக்கிள் கடைகள் உண்டு. குலசேகரத்துக்கு மேலே கியர் சைக்கிளைப் பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பது கஷ்டம். இரண்டு ட்யூப், ஒரு செயின் இணைப்பு, காற்றடிக்கும் பம்ப் கட்டாயம் பையில் இருக்கட்டும்.